குழந்தையோடு அரைமைல்



குழந்தைகளுக்கு இயற்கையைக் காட்ட வேண்டும் என்று சொல்லாத பெற்றோர் இந்நாளில் இல்லை. ஆயினும் அவ்வாறு சொல்வோருட் பலர் அதற்கென ஒரு பெரும் பயணத்தையே மனத்திற் கொள்கின்றனர். பாடசாலை விடுமுறை வர வேண்டும். வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்த வேண்டும். நுவரெலியாவுக்கோ யால வனத்துக்கோ போய்வர வேண்டும். அதற்கு வேண்டிய பணமும் ஓய்வும் ஒருங்கே வாய்ப்பது அரிது. வாய்க்கும்வரை குழந்தை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து வயது ஏழாகிறது, ஏழு பத்தாகிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தப் பெரும் பயணம் அன்று. வீட்டு வாயிலிலிருந்து அரைமைல் தூரத்துக்குள், சிறு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் உலாவித் திரும்பும் எளிய நடையைப் பற்றியே பேச விரும்புகிறேன். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தூரத்து மலையைவிட அண்மையிலுள்ள வேலியோரமே பெரிய உலகம். அவ்வுலகைக் காண்பதற்குச் செலவு வேண்டா. சிறப்பான அறிவும் வேண்டா. அவசரப்படாத ஒருவர் உடன் நடந்தாற் போதும்.

நான் பிறந்து வளர்ந்த உடப்பையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிலாபத்துக்கு வடக்கே, புத்தளம் வீதியிலிருந்து மேற்கே பிரிந்து சென்றால் கடலோரத்தில் அமைந்திருப்பது எங்கள் ஊர். ஆடி மாதத்துத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதி விழாவினால் அதனைப் பலரும் அறிவர். மேற்கே இந்து சமுத்திரம். கிழக்கே முந்தல் களப்பும், ஒல்லாந்தர் காலத்து வாய்க்காலும். இரண்டுக்கும் இடையே ஒரு மணற்றிட்டு. ஒருபுறம் அலைகடல், மறுபுறம் அசையாத நீர். இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் ஒரு சிறுவன் கண்டு திரும்பலாம்.

இத்தகைய ஊரிலே பிறந்த பிள்ளைக்கு உலாவும் ஒரு கல்வியா என்று சிலர் கேட்பதுண்டு. கடற்கரைப் பிள்ளை கடலை அறியாதோ என்பது அவர்கள் கேள்வி. முந்திய தலைமுறையைப் பற்றி அப்படிச் சொன்னாற் பொருந்தும். இன்றோ எங்கள் ஊரிலும் மாலைநேரத்தில் திண்ணையிலிருந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவர் பலர். கடலின் இரைச்சல் அவர்களுடைய காதில் விழுகிறது. கடல் கண்ணிற் படுவதில்லை. பாட்டனார் காற்றின் திசையை உடம்பால் உணர்ந்து, இது சோளகம், இது கொண்டல், இது வாடை என்று பெயர் சொல்வார். பேரனுக்கு அப்பெயர்கள் பாடப்புத்தகத்துச் சொற்களாகவே தெரிகின்றன.

ஆகவே, குழந்தையை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் புறப்படுவோம். காலை ஆறரை மணிக்கு மணல் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். முதலிற் கண்ணிற் படுவது அடும்பங்கொடி. இலை இரண்டாகப் பிளந்து ஆட்டுக் குளம்பைப் போன்றிருக்கும். ஊதா நிறப் பூ காலையில் விரிந்து வெயில் ஏற ஏற வாடிவிடும். சற்று அப்பால் இராவணன் மீசை என்னும் முட்புல். அதன் முதிர்ந்த கதிர் பந்துபோல் உதிர்ந்து, காற்றிலே மணல்மேல் உருண்டோடும். குழந்தை அதைத் துரத்தும். துரத்தட்டும். அப்பந்து ஓடுகிற வழியெல்லாம் விதையைச் சிந்திக்கொண்டு போகிறது என்பதைத் துரத்தி முடிந்தபின் சொல்லலாம். இக்கொடியும் இப்புல்லுமே காற்றிற் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தி, திட்டை வளர்த்து, ஊரைக் காக்கின்றன என்பதை அடுத்த வருடம் சொல்லலாம்.

அடுத்தது நண்டு வளை. வளைவாயின் ஒருபுறத்திலே புதுமணல் விசிறிபோல் வீசப்பட்டிருந்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். சிறிது தள்ளி, பேசாமல், அசையாமல் உட்கார வேண்டும். இரண்டு நிமிடம் கழிந்தால் காம்பின் நுனியிலே பொருத்தினாற்போன்ற இரு கண்கள் முதலில் எழும். பிறகு நண்டு வெளிவரும். நிழல் அசைந்தால் மறையும். ஓரிடத்தில் நிற்க மாட்டான் என்று நாம் எண்ணும் ஐந்து வயதுப் பிள்ளை, இந்த நண்டுக்காகப் பத்து நிமிடம் மூச்சடக்கிக் காத்திருப்பதைக் காணலாம். வகுப்பறையில் நாங்கள் அதட்டியும் பெற முடியாத கவனத்தை அந்த நண்டு பெற்றுவிடுகிறது.

இவ்விடத்தில் ஓர் அம்மையாரை நினைவுகூர வேண்டும். 1962இல் வெளிவந்த ‘மௌன வசந்தம்’ என்னும் நூலால் உலகப்புகழ் பெற்ற அமெரிக்கக் கடலியல் அறிஞர் ரேச்சல் கார்சன், அதற்கு முன்னரே, 1956இல், குழந்தைகளோடு இயற்கையை நாடிச் செல்வது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தமது சகோதரியின் பேரனை, இரண்டு வயதும் நிரம்பாத பருவத்திலேயே, இரவிற் கடற்கரைக்குத் தூக்கிச் சென்றவர் அவர். இருவரும் கைவிளக்கு ஏந்தி மணல் நண்டுகளைத் தேடிச் சென்றதையும் அதில் விவரித்திருக்கிறார். அத்துணை பெரிய விஞ்ஞானி அக்குழந்தைக்குப் பாடம் நடத்தவில்லை. தாம் கண்டு மகிழ்ந்ததை அவனுக்குக் காட்டினார். அவன் காட்டியதைத் தாமும் கண்டு மகிழ்ந்தார். பெயர்கள் தாமாகவே அவன் மனத்திற் பதிந்தன. அறிவதற்கு முன்னே உணர வேண்டும் என்பதே அவர் கொள்கை. ஆசிரியர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டிய கொள்கை அது.

இனி, களப்புப் பக்கம் திரும்புவோம். அங்கே கண்டல் நிற்கிறது. அதன் நீண்ட காய் முருங்கைக்காய்போல் தொங்கும். உண்மையில் அது தாய்மரத்திலேயே முளைவிட்ட இளங்கன்று. தகுந்த காலத்தில் விழுந்து சேற்றிற் குத்தி நின்று வேர் விடுகிறது. பக்கத்திலே வேறொரு வகைக் கண்டல்; அதன் மூச்சுவேர்கள் ஆயிரம் விரல்கள் நீட்டினாற்போலச் சேற்றிலிருந்து மேல்நோக்கி எழுந்து நிற்கின்றன. அதன் இலையை விரலால் தடவி நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். உப்புநீரைக் குடித்த மரம், வேண்டாத உப்பை இலைவழியாக வெளியேற்றிவிடுகிறது. இதை ஒருமுறை சுவைத்த குழந்தைக்கு மரம் உயிருள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நேயர்களே, இவை யாவும் நமது பழைய நூல்கள் நெய்தல் நிலத்துக்கு உரியனவாகக் கூறிய பொருள்களே. அடும்பும் கண்டலும் தாழையும் புன்னையும் சங்கப் புலவர்கள் பாடியவை. நற்றிணையிலே ஒரு பாட்டு உண்டு. சிறுமியர் விளையாட்டாக மணலிற் புதைத்து மறந்த புன்னைவிதை ஒன்று முளைத்துவிடுகிறது. அதனை நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கின்றனர். அம்மரம் உங்களுக்குத் தங்கை என்று தாய் மகளுக்குச் சொல்லிவைக்கிறாள். பெரியவளான பின்பு, அந்த மரத்தின் முன்னே காதலனோடு நகைத்துப் பேசவும் அப்பெண் நாணுகிறாள். மரத்தை உறவாகக் கொள்ளும் மனம் அவளுக்கு எப்பொழுது உண்டாயிற்று? மணலில் விளையாடிய பருவத்தில் அல்லவா?

இதுவரை கடற்கரை ஊரைப் பற்றிச் சொன்னேன். நகரத்தில் வாழ்வோர் என் செய்வது என்ற கேள்வி எழும். எங்கள் பக்கத்திலிருந்தே தொழிலுக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் கொழும்புக்குச் சென்று, தொடர்மாடி வீடுகளில் வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களுட் பலர் அறியாத செய்தி ஒன்று: கொழும்பு ஓர் ஈரநில நகரம். ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் உலகின் முதல் 18 நகரங்களுக்கு அப்பெயர் வழங்கப்பட்டது. கொழும்பு அவற்றுள் ஒன்று. அப்பட்டியலில் இடம்பெற்ற ஒரே தலைநகரமும் அதுவே.

கோட்டையில் பெத்தகானை ஈரநிலப் பூங்கா இருக்கிறது. தலவத்துகொடையில், பாராளுமன்றத்துக்கு அண்மையில், தியசரு பூங்கா இருக்கிறது. இரண்டிலும் நீரின்மேலும் சேற்றின்மேலும் பலகை நடைபாதை அமைத்திருக்கிறார்கள். ஏற்றமும் இறக்கமும் இல்லாத பாதையாதலால் மூன்று வயதுக் குழந்தையும் தானாக நடக்கும். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, நீலத் தாழைக்கோழி ஆகியவற்றை அங்கே காணலாம். கபரகொய்யா ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருப்பதைக் கண்டால் அன்றைய நாள் முழுவதும் குழந்தைக்கு அதே பேச்சு. மனிதர் உறங்கும் வேளையில் அச்சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனை உலாவுகிறது என்று சொல்லுங்கள். நகரத்துப் பிள்ளைக்குத் தன் நகரத்தின்மேலேயே ஒரு புதிய மதிப்பு உண்டாகும்.

அவ்வளவு தூரமும் செல்ல இயலாதோர் விகாரமகாதேவிப் பூங்காவின் மரநிழலுக்குச் செல்லலாம். அதுவும் இயலாவிடில் தொடர்மாடியின் பின்புறத்து வாய்க்காலோரமும் போதும். எந்த ஊரிலும் ஓர் ஆலமரமாவது இருக்கும். அதன் பழத்தை நாடிவரும் பறவைகள் இருக்கும். ஒரே மரத்தை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவருவதுகூடச் சிறந்த உலாவே. தளிரும் பூவும் பழமும் பழுத்த இலையும் வந்து போவதைக் கண்ட குழந்தை, காலம் என்பதைக் கடிகாரத்துக்கு வெளியே கற்றுக்கொள்கிறது.

உலாவுக்கான முறைகள் சிலவற்றையும் சொல்ல வேண்டும். முதலாவது, தூரத்தை அளக்கலாகாது. நேரத்தை அளக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரம் போதும். அதற்குள் நூறு யார் நடந்தாலும் சரி, ஒரு மைல் நடந்தாலும் சரி. குழந்தை குனிந்தால் நாமும் குனிய வேண்டும். “வா, வா, நேரமாகிறது” என்னும் சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். திரும்பும் வழிக்கும் குழந்தையிடம் பலம் வேண்டும் ஆதலால், அது களைப்பதற்கு முன்னே திரும்பிவிட வேண்டும்.

இரண்டாவது, பொழுது. காலை எட்டு மணிக்கு முன்பும், மாலை நாலரைக்குப் பின்பும் ஏற்ற நேரம். தொப்பியும், குடிதண்ணீரும், வாழைப்பழம் இரண்டும் இருந்தால் அதுவே தக்க ஆயத்தம். மேற்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். அந்நாட்களில் களப்புப் பக்கமே நல்லது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாயிருக்கும். உள்ளான் முதலிய வலசைப் பறவைகளும் அக்காலத்தில் வடநாடுகளிலிருந்து வந்திருக்கும். கரைவலை இழுப்பவர்களை அக்காலத்தில் காணலாம். இருபுறமும் கயிறு பிடித்து, அம்பாப் பாடி, மடியைக் கரையேற்றும் காட்சியும், மடி அவிழ்ந்ததும் சூடையும் நெத்தலியும் காரலும் வெள்ளி கொட்டினாற்போல் துள்ளுவதும் எந்தக் குழந்தைக்கும் மறக்காது. இழுப்பவர்களுக்கு இடையூறின்றி எட்ட நின்று பார்ப்பது முறை.

மூன்றாவது, காவல். இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பெரியவராவது வேண்டும். கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது என்பதைக் குழந்தைக்கு முதல் நாளே பழக்க வேண்டும். கரையொதுங்கிய சொறியையும் பேத்தை மீனையும் தொடவிடக் கூடாது. களப்பாயினும் கொழும்புச் சதுப்பு நிலமாயினும் முதலை இருக்கக்கூடும். ஆகையால் நீர்விளிம்புக்குக் குழந்தையை விடலாகாது. இடி முழக்கம் கேட்டால் அன்றைய உலா முடிந்தது. வெட்டவெளியில் நிற்காமல் வீடு திரும்ப வேண்டும். அச்சமூட்டும் குரலில் இவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. தெரு கடக்கும் விதியைப்போல அமைதியாகச் சொல்லிக் கொடுத்தாற் போதும்.

நான்காவது, குழந்தை கேட்கும் கேள்விக்கு உண்மையான விடை. விடை தெரியாவிட்டால், “தெரியவில்லை, கேட்டுப் பார்ப்போம்” என்று சொல்வதில் இழுக்கில்லை. ஊரிலே வலை பின்னிக்கொண்டிருக்கும் வயோதிபரிடம் இருவருமாகப் போய்க் கேட்கலாம். அவருக்கும் அது பெருமை. துன்பமான விடைகளையும் மறைக்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியபோது, பிளாஸ்டிக் மணிகள் கோடிக்கணக்கில் நமது மேற்குக் கரையில் ஒதுங்கின. அத்தகைய மணி ஒன்றைக் கையிலெடுத்து, மீன்முட்டையா என்று குழந்தை கேட்டால், இல்லை, இது மனிதர் செய்தது, மீன் இதை இரையென்று விழுங்கும் என்று சொல்லத்தான் வேண்டும்.

இவையெல்லாம் சரி, நேரம் எங்கே என்று பெற்றோர் கேட்பர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக எட்டு வயதிலேயே பிள்ளையை ஞாயிறு காலையிலும் தனியார் வகுப்புக்கு அனுப்பும் வழக்கத்தை நான் நாள்தோறும் காண்கிறேன். அந்தக் கவலையை நான் இகழவில்லை. ஏழைப் பிள்ளைக்கு அப்பரீட்சை ஒரு நல்ல பாடசாலையின் கதவைத் திறக்கிறது என்பதை அறிவேன். ஆனால் ஏழு நாளையும் அக்கதவுக்கே கொடுத்துவிட்டால், உள்ளே நுழையும் பிள்ளையின் உடல்நலம் என்னாவது என்று சிந்திக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தை நாள்தோறும் குறைந்தது 180 நிமிடம் உடலை இயக்கி விளையாட வேண்டும்; இரண்டு முதல் நான்கு வயதுவரை உள்ளவர் திரையின் முன்னே அமரும் நேரம் ஒரு மணியைத் தாண்டலாகாது. தாய்வான் நாட்டிலே பாடசாலைப் பிள்ளைகளின் கிட்டப்பார்வைக் குறை ஆண்டுதோறும் ஏறிவந்தது. 2010இல், பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் 120 நிமிடம் வெட்டவெளியில் இருக்க வேண்டும் என்ற இயக்கத்தை அங்கே தொடங்கினர். அதன்பின் அக்குறை இறங்கத் தொடங்கியது. பகலொளி விழியை மிதமிஞ்சி நீளாமல் காக்கிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். புத்தகத்தைப் படிக்க வேண்டிய கண்ணுக்கே வெளிச்சம் மருந்தாகிறது. ஆதலால், பரீட்சையில் அக்கறையுள்ள பெற்றோரும் வாரத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

இன்னுமொரு காரணம் உண்டு. இதுவே என் மனத்தில் மேலோங்கி நிற்பது. எங்கள் ஊருக்கு அண்மையில் ஆனைவிழுந்தான் சரணாலயம் இருக்கிறது. பழங்காலத்து அடுக்குக் குளங்களும் கண்டல் நிலமும் சேர்ந்த அவ்விடம் 2001இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. புந்தலைக்கு அடுத்தபடியாக இந்நாட்டில் அத்தகுதி பெற்ற இரண்டாம் இடம் அது. 1980களிலிருந்து புத்தளம் மாவட்டக் கரையெங்கும் இறாற்பண்ணைகள் பெருகின. கண்டல் வெட்டப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதும் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. கண்டலும் இல்லை, இறாலும் இல்லை என்ற நிலையிலே வெறுங் குழிகள் எஞ்சின. அப்பாடத்துக்குப் பின்னும், 2020இல், சரணாலயத்துக்குள்ளேயே கண்டல் நிலத்தின் ஒரு பகுதி இறால் வளர்ப்புக்கென இயந்திரத்தால் அழிக்கப்பட்டது.

நல்ல செய்தியும் உண்டு. கண்டற் காடுகளை மீண்டும் உருவாக்க இந்நாட்டில் நடைபெற்றுவரும் முயற்சியை, உலகுக்கு முன்மாதிரியான மீட்புப் பணிகளுள் ஒன்றாக ஐக்கிய நாடுகள் சபை 2024இல் அறிவித்தது. ஆயினும் நட்ட கன்றை யார் காப்பது? சட்டம் ஓரளவு காக்கும். அதிகாரிகள் ஓரளவு காப்பர். கண்டலை அறியாத கண்ணுக்கு அந்நிலம் வெறுஞ்சேறு. அதை வெட்டினால் அக்கண் கலங்காது. ஐந்து வயதில் அதன் இலையைத் தடவி உப்பைச் சுவைத்தவன், இருபத்தைந்து வயதில் அதே மரத்தை வெட்டக் கோடரி வருவதைக் கண்டால் பேசாதிருக்க மாட்டான் என்று நான் நம்புகிறேன். கொழும்புச் சதுப்பு நிலத்துக்கும் இது பொருந்தும். அதனை மண்கொட்டி நிரப்ப ஒருவர் வரும்போது, அங்கே தாழைக்கோழியைக் கண்ட பிள்ளைகள் வளர்ந்து வாக்காளராக இருக்க வேண்டும்.

ஆகவே பெற்றோரே, பாட்டன் பாட்டிமாரே, வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே செல்லுங்கள். கடற்கரையோ, களப்போ, பூங்காவோ, வாய்க்காலோரமோ, எதுவாயினும் நன்று. கைத்தொலைபேசி வீட்டிலேயே இருக்கட்டும். அவசரத்துக்கு வேண்டுமாயின் சட்டைப்பையை விட்டு வெளிவராமல் இருக்கட்டும். வீடு திரும்பியதும் பரீட்சை வைக்காதீர்கள். “இன்று எதைக் கண்டாய்?” என்று மட்டும் கேளுங்கள். குழந்தை சொல்லிக்கொண்டே போகும். அதைக் கடைசிவரை கேளுங்கள்.